பதினான்காம் பக்கத்தை நம்பிய சிறுமி

கீ... என்று ஒரு சத்தம். எங்கள் தில்லி கிட்வாய் நகர் குடியிருப்பின் வாசலுக்கு வெளியே காய்கறி வண்டிக்காரர் தன் பேட்டரி ஒலிபெருக்கியை முடுக்கியதும் முதலில் வருவது அதுதான். அதற்குப் பிறகே பதிவுசெய்த குரல்: ஆலூ லே லோ, ப்யாஸ் லே லோ, மட்டர் லே லோ. ஏழாவது மாடியில் துணி உலர்த்துகிற எனக்கு அந்த உருளைக்கிழங்கும் வெங்காயமும் காதில் ஏறுவதேயில்லை. அந்தக் கீச்சொலி மட்டும் நேராக வந்து நெஞ்சுக்கூட்டில் இடிக்கிறது. பிழிந்த சட்டை கையில் சொட்டச் சொட்ட நின்றுவிடுகிறேன், எங்கிருந்தோ ஒரு பதில் வரவேண்டும் என்பதைப் போல.

பள்ளிப் பாதுகாப்புப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். பிரிவின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை இன்னும் யாரும் நீக்கவில்லை. நீக்கவேண்டியது யார் வேலை என்று முடிவாகவில்லை போலும். உங்களில் ஒருத்தி போன வாரம் அதில் கேட்டாள்: "மேடம், ப்ளான்ல எதை முதல்ல படிக்கணும்?" நல்ல கேள்வி. ஒரு வரியில் பதில் போட முயன்றேன், முடியவில்லை. நின்ற இடத்தில் நிற்கத் தெரியாத பிறவி நான். ஐம்பத்து மூன்று வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்ததும் அதனால்தான். ஆனால் ஒரு குளிர்காலக் காலையின் முக்கால் மணி நேரம் மட்டும் என்னை எங்கும் போகவிடாமல் பிடித்துவைத்திருக்கிறது. அதையே பதிலாகச் சொல்கிறேன்.

முதலில் எங்கள் துணை இயக்குநரைச் சொல்லவேண்டும். பெயர் வேண்டாம், பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார். கட்வால் மலைக்காரர். மே மாத வெயிலிலும் கையில்லாத ஸ்வெட்டர். சட்டைப் பையில் சோம்புப் பொட்டலம், காதில் பென்சில், தச்சர்களைப் போல. நான் வரைவு எழுதிக் கொண்டுபோவேன். "ஆபத்து நேரத்தில் குழந்தைகள் மைதானத்துக்குக் கொண்டுவரப்படுவார்கள்." ஓரத்தில் பென்சிலால் ஒரே சொல் எழுதுவார்: கௌன்? யார்? "பின்வாசல் திறந்துவைக்கப்படும்." கௌன்? "பெற்றோருக்குத் தகவல் தரப்படும்." கௌன்?

முதல் வருடம் எரிச்சலாக இருந்தது. ஒருநாள் கேட்டே விட்டேன், இதென்ன சார், பக்கத்துக்குப் பத்துக் கேள்வி என்று.

"மேடம்ஜி, உங்க காகிதத்துல வேலையெல்லாம் ஜோரா நடக்குது. செய்யற ஆளைத்தான் காணோம்," என்றார்.

அந்த மனிதர் வாயில் சோம்பை மென்றபடி, தில்லிப் பள்ளிகளின் மதில் உயரத்தையும், வாயிற்கதவுகளின் அகலத்தையும், தீயணைப்பு வண்டி திரும்ப இடமுண்டா என்பதையும், ஒவ்வொரு மாடியின் சாவி யார் இடுப்பில் தொங்குகிறது என்பதையும் ஏழு வருடம் ஊன்றிப் பார்த்தார். கோப்பு என்றால் தூசி என்று சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். சிரிக்கட்டும். பல்லாயிரம் பிள்ளைகள் காலையில் டிபன் டப்பாவோடு உள்ளே போய், மதியம் காலி டப்பாவோடு வெளியே வருகிறார்கள். இடையில் ஒன்றும் நடப்பதில்லை. அந்த ஒன்றும் நடக்காமையை யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள், அடித்துத் திருத்தியிருக்கிறார்கள், மறுபடி எழுதியிருக்கிறார்கள். அதை அருகிலிருந்து பார்த்தவள் நான். எனக்கு அது இன்னும் அழகாகத்தான் தெரிகிறது.

ஆனால் நாங்கள் எழுதிய திட்டத்தில் ஒரு பதினான்காம் பக்கம் இருந்தது.

வெளியாள் யாராவது ஆயுதத்தோடு உள்ளே நுழைந்துவிட்டால் என்ன செய்வது என்பது அந்தப் பக்கம். விட்டுவிட்டு அடிக்கும் மணி கேட்டால் வகுப்பிலிருப்பவர்கள் கதவைச் சாத்திக்கொள்ளவேண்டும். கழிவறையில் இருக்கும் குழந்தை உள்ளே தாழிட்டுக்கொண்டு, கால் வெளியே தெரியாதபடி மேலே ஏறிக்கொள்ளவேண்டும். யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லக்கூடாது. தன் வகுப்பு டீச்சர் வரும்வரை காத்திருக்கவேண்டும். அந்தப் பக்கத்தில் துணை இயக்குநர் ஒரு கௌன் கூடப் போடவில்லை. போடத் தேவையில்லாதபடி நான் தெளிவாக எழுதியிருந்தேன்: செய்யவேண்டியது யார்? குழந்தை. எல்லாவற்றையும் ஏழு வயதின் தலையில் ஏற்றிவைத்திருந்தோம். எங்கள் இருவர் கண்ணிலும் அது படவில்லை.

இருபத்திரண்டாம் பக்கம் வெடிகுண்டு மிரட்டலுக்கானது. அங்கே நேர்மாறு. நிற்காமல் அடிக்கும் நீண்ட மணி. எல்லாரும் உடனே வெளியே ஓடவேண்டும். வகுப்பாசிரியர் வருகைப் பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து மைதானத்தில் தலைகளைச் சரிபார்க்கவேண்டும். படிக்க எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது பாருங்கள்.

அன்று காலை நானும் துணை இயக்குநரும் தெற்கு தில்லியில் ஒரு பள்ளியில் இருந்தோம். திட்டத்தின் வரைபடங்கள் ஒவ்வொரு மாடியிலும் ஒட்டப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்கப் போன சாதாரண விஜயம். மூடுபனி மைதானத்தின் மேல் ஈரப் பஞ்சாகக் கிடந்தது. தலைமையாசிரியை எங்களுக்கு இஞ்சி டீ வரவழைத்துவிட்டுத் தன் கணினியைப் பார்த்தார். பார்த்தபடியே இருந்தார். பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பினார். பள்ளியில் குண்டு வைத்திருப்பதாக ஒரு மின்னஞ்சல்.

அந்த மாதிரி மின்னஞ்சல்கள் தில்லிக்குப் புதிதல்ல. பெரும்பாலும் பொய். ஆனால் பெரும்பாலும் என்ற சொல்லை நம்பி ஒரு பிள்ளையைக்கூட வகுப்பில் உட்காரவைக்க முடியாது. துணை இயக்குநர் டீயை மேசையில் வைத்தார். "காலி பண்ணுங்க," என்றார். ஒரு நொடியும் யோசிக்கவில்லை. அதைக் கவனியுங்கள்: யோசிக்கவேண்டியதையெல்லாம் முந்தைய ஏழு வருடத்தில் யோசித்துவிட்டிருந்தார்.

தலைமையாசிரியை மணியின் பொத்தானை அழுத்தினார். நிற்காத நீண்ட மணி. ஆனால் அவர் விரல் நடுங்கியது. பொத்தான் மேலிருந்து விரல் வழுக்கி, மறுபடி அழுத்தி, மறுபடி வழுக்கி... மணி முதலில் விட்டுவிட்டு அடித்து, பிறகே நிற்காமல் ஒலித்தது. அந்த அறையில் அது யாருக்கும் உறைக்கவில்லை. எனக்கும்தான்.

பிள்ளைகள் வந்தார்கள். என்ன அழகாக வந்தார்கள்! முன்னால் போகிறவன் தோளில் கைவைத்து, நீல ஸ்வெட்டர்களின் நீளமான ரயில்களாக, மாடிப்படி மாடிப்படியாக இறங்கி, பனிக்குள் நுழைந்து, மைதானத்தில் போய் நின்றார்கள். காவல்துறை வந்தது, வெடிகுண்டுப் பிரிவு நாயோடு வந்தது. கட்டடம் காலி என்று நாங்கள் சொன்னால் அவர்கள் உள்ளே போவார்கள்.

சொல்ல முடியவில்லை.

இரண்டாம் வகுப்பு பி பிரிவின் டீச்சர் அன்று விடுமுறை. பதிலுக்கு வந்தவர் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவர். அந்தப் பிள்ளைகளின் முகம் அவருக்குப் பழக்கமில்லை. வகுப்பில் முப்பத்தேழு பேர். மைதானத்தில் இருபத்தெட்டு தலை. குளிர்காலம், பாதிப் பிள்ளைகளை அம்மாக்கள் ரஜாய்ப் போர்வைக்குள்ளிருந்து எழுப்புவதில்லை. அன்று வந்தவர்கள் இருபத்தெட்டா, இருபத்தொன்பதா?

"பதிவேட்டைப் பாருங்க," என்றேன்.

"அது ஆபீஸ் ரூம்ல மேடம்," என்றார் அறிவியல் டீச்சர். "முதல் பீரியட் முடிஞ்சதும் கொண்டு போயிடுவாங்க. உங்க சர்க்குலர்தானே? தினமும் காலையில டோட்டல் அனுப்பணும்னு."

ஆமாம். எங்கள் சர்க்குலர்தான். வருகைத் தொகையைக் காலையிலேயே அனுப்பவேண்டும் என்று இரண்டு வருடத்துக்கு முன்பு வரைந்தவள் நான். பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிவா என்று திட்டத்தில் எழுதியவளும் நான். ஒரு கையால் பிடுங்கி, இன்னொரு கையால் கேட்டிருக்கிறேன். ஒத்திகைகளில் ஏன் தெரியவில்லை என்கிறீர்களா? ஒத்திகைக்கு நாங்கள் ஒரு வாரம் முன்னதாகக் கடிதம் அனுப்புவோம். அன்றைக்கு மட்டும் பதிவேடுகள் வகுப்பிலேயே காத்திருக்கும், கல்யாண வீட்டுப் பிள்ளைகள் மாதிரி, புகைப்படத்துக்காக.

பதிவேடு உள்ளே. உள்ளே போகக்கூடாது. வாயிலுக்கு வெளியே பெற்றோர் கூட ஆரம்பித்துவிட்டார்கள். தில்லியில் செய்தி எப்போதும் போலீஸுக்கு முன்னால் போய்விடும். ஸ்கூட்டர், கார், ஈ-ரிக்ஷா, எல்லாவற்றின் ஹார்னும் ஒரே அலறலாக.

துணை இயக்குநர் இரண்டு பி-யின் முன்னால் போய்க் குந்தி உட்கார்ந்தார். பிள்ளைகளின் உயரத்துக்கு. பயந்த குரலில் பேசவில்லை. விளையாட்டுக்குக் கூப்பிடுகிற குரலில் சொன்னார். "பச்சோ, வகுப்புல உன் பக்கத்துல யார் உட்காருவாங்களோ, அவங்க கையைப் பிடிச்சுக்கோ. ஜல்தி ஜல்தி!"

கலைந்தார்கள், மோதினார்கள், சிரித்தார்கள், பிடித்துக்கொண்டார்கள். சிலர் தனியாக நின்றார்கள். ஒவ்வொருவரிடமும் போனார். "உன் பார்ட்னர் எங்கே?" "ஆயா ஹி நஹி." இன்றைக்கு வரவே இல்லை. "உன் பார்ட்னர்?" "புகார் ஹை." காய்ச்சல். கடைசியாக ஒரு குட்டிப் பெண், பெயர் ஸோயா. இடது கையை நீட்டியபடியே நின்றிருந்தாள், காற்றைப் பிடித்துக்கொண்டிருப்பவள் போல.

"உன் பார்ட்னர், பேட்டா?"

"யாழினி."

"வரலையா?"

"வந்தா. ஸுஸு போனா."

இந்தத் தொழிலில் எத்தனையோ கருவி வாங்கினோம். அந்த நீட்டிய சின்னக் கையைவிடத் துல்லியமாக எதுவும் எனக்கு எதையும் சொன்னதில்லை.

பெண் காவலர் ஒருவர் தூரத்துப் படிக்கட்டு வழியாக முதல் மாடிக் கழிவறைக்கு ஓடினார். நாங்கள் கீழே. பனி உருகிப் புல்லில் சொட்டியது. திரும்பி வந்தார், தனியாக.

"கடைசிக் கதவு உள்ளே தாழ் போட்டிருக்கு சார். தட்டினேன். போலீஸ் ஆன்டி வந்திருக்கேன் பேட்டான்னு கூப்பிட்டேன். சத்தமே இல்லை. குனிஞ்சு கீழே பார்த்தேன், கால் தெரியலை."

வெடிகுண்டுப் பிரிவின் உதவி ஆய்வாளர் முகம் மாறியது. அவரைக் குறை சொல்லமாட்டேன். அவர் கண்ணால் பாருங்கள். மிரட்டல் வந்த கட்டடம். உள்ளே தாழிட்ட கதவு. கால் இல்லை, குரல் இல்லை. அது குழந்தையாகத்தான் இருக்கவேண்டும் என்று என்ன இருக்கிறது? "குழந்தை வேற எங்கேயாவது இருக்கலாம். அந்தக் கதவை நான் சந்தேகப் பொருளாத்தான் பார்ப்பேன்," என்றார். "யாரும் கிட்டே போகக்கூடாது. நாங்க எங்க முறைப்படி திறக்கறோம்."

அவர்கள் முறை என்றால் தூரத்தில் நின்று கதவைப் பெயர்ப்பது. கதவுக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில், கழிவறைப் பீங்கானின் விளிம்பில் இரண்டு சின்னப் பாதங்கள் நின்றுகொண்டிருந்தால்?

அப்போதுதான் என் காதில் அந்த மணி மறுபடி அடித்தது. விட்டு, விட்டு, விட்டு. வழுக்கிய விரல். கால் தெரியக்கூடாது. யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லக்கூடாது. என் வரிகள். ஒரு காற்புள்ளிகூட விடாமல் அந்தப் பெண் அவற்றைச் செய்துகொண்டிருக்கிறாள்.

"சார்," என்றேன். "அது குழந்தைதான். பதினான்காம் பக்கம் சார். நாம சொன்னதைத்தான் அவ செய்யறா."

துணை இயக்குநர் என்னைப் பார்த்த பார்வையில் திட்டு இல்லை. அதற்கெல்லாம் நேரமில்லாத பார்வை. "யார் குரலுக்குத் திறப்பா?"

"வகுப்பு டீச்சர்."

"ஃபோன் போடுங்க." உதவி ஆய்வாளரிடம் திரும்பினார். "எனக்குப் பத்து நிமிஷம் கொடுங்க. உங்க ஆளுங்க அதுவரைக்கும் அந்தக் கதவைத் தொடவேண்டாம். ஏதாவது ஆச்சுன்னா பதில் சொல்லவேண்டியவன் நான். வேணும்னா எழுதித் தரேன்."

உதவி ஆய்வாளர் அவரையே பார்த்தார். "எழுத நேரமில்லை, சாப். பத்து நிமிஷம்," என்றார். அவரும் பெரிய மனிதர்தான். நம்புவதற்கு வேண்டிய தைரியம், கதவை உடைக்க வேண்டியதைவிட அதிகம்.

வகுப்பு டீச்சர் திருநெல்வேலிக்காரர். அன்று லக்ஷ்மிபாய் நகருக்கு வீடு மாறிக்கொண்டிருந்தார். ஃபோனில் பின்னால் பாத்திரங்கள் உருண்டன, யாரோ "பையா, அல்மாரி தீரே ஸே!" என்று அலமாரியை மெல்ல இறக்கச் சொல்லிக் கத்தினார்கள். நான் இரண்டு வாக்கியத்தில் சொன்னேன். பாத்திரச் சத்தம் நின்றது. கதவைச் சாத்தியிருப்பார்.

"யாழினியா? அய்யோ, எம்பிள்ளைல்லா அது," என்றார். பிறகு ஒரு மூச்சு. பிறகு வேறு குரல், வகுப்பறைக் குரல். "மேடம், பேரச் சொல்லிக் கூப்பிட்டா வரமாட்டா. நாந்தான் சொல்லிக் குடுத்திருக்கேன். பேரு யாருக்கு வேணும்னாலும் தெரியும், பேரச் சொன்னவங்களுக்கெல்லாம் கதவத் தொறக்காதேன்னு."

"உங்க குரல் தெரியுமே?"

"போனுக்குள்ள இருந்து வந்தா எங்குரல் எங்குரலாவா இருக்கும்? பயந்துருவா." மறுபடி ஒரு மூச்சு. "இருங்க. அட்டெண்டன்ஸ் எடுக்கேன். அது வகுப்புன்னு அவளுக்குத் தெரிஞ்சுரும்."

"பதிவேடு உள்ளே மாட்டிக்கிச்சு, டீச்சர்."

"அது எதுக்கு மேடம்? ஏப்ரல்லருந்து தெனமும் கூப்புடுத பேருங்க."

குண்டைத் தூண்டிவிடலாம் என்பதால் கட்டடத்துக்குள் ஃபோன் கொண்டுபோகக்கூடாது. ஆனால் அந்தக் கழிவறையின் சின்ன வென்டிலேட்டர் பின்பக்கச் சுவரில் இருந்தது. உதவி ஆய்வாளர் ஒரு இடத்தைக் காட்டி, இதற்கு மேல் ஒரு அடி வைக்கக்கூடாது என்றார். காவல் வண்டியிலிருந்து கைஒலிபெருக்கி வந்தது. நான் ஒரு கையில் அதையும், மறு கையில் ஃபோனையும் பிடித்து இரண்டையும் வாயோடு வாய் வைத்தேன்.

ஹார்ன். முன்வாயிலில் ஹார்ன்கள் வானத்தைக் கிழித்தன. உள்ளேயிருந்து ஒரு குழந்தை பதில் சொன்னாலும் எங்களுக்குக் கேட்காது.

துணை இயக்குநர் வாயிலுக்கு நடந்தார். திட்டத்தில் என்ன எழுதியிருந்தோம் தெரியுமா? பெற்றோரிடம் விவரம் சொல்லக்கூடாது. எல்லாம் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று மட்டும் சொல்லவேண்டும். பீதி பரவும் என்று பயம். அவர் வாயிலின் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு, ஒலிபெருக்கி இல்லாத வெறுந்தொண்டையில் சொன்னதை, அங்கே நின்ற காவலர் பிறகு எனக்குச் சொன்னார்:

"ஒரு குழந்தை உள்ளே இருக்கு. நாங்க கூப்பிடப் போறோம். அது பதில் சொன்னா எங்களுக்குக் கேக்கணும். உங்க கையில இருக்கு."

அவ்வளவுதான். யாருடைய குழந்தை என்று நூறு பேர் கத்தியிருக்கலாம். கம்பிகளை உடைத்திருக்கலாம். முன்வரிசையில் ஒரு சர்தார்ஜி தன் கார் சாவியைத் திருப்பி அணைத்தார். பின்னால் ஒரு ஸ்கூட்டர். அப்புறம் தெரு முழுக்க, தீபத்தை ஊதினாற்போல, ஒவ்வொன்றாக. பின்பக்கச் சுவரடியில் நின்ற எனக்கு அந்த அமைதி வந்து சேர்ந்தது. தில்லியில் நாற்பது வருடமாக இருக்கிறேன். அப்படி ஒரு அமைதியை அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. ஒரு புறா சிறகை உதறியது கேட்டது.

ஒலிபெருக்கியை முடுக்கினேன். கீ...

"குட் மார்னிங், டூ பி." கரகரத்த, தகரத்தில் உருண்ட குரல். "ரோல் நம்பர் ஒன். ஆதித்யா."

நாங்கள் யாரும் எதிர்பாராதது அப்போது நடந்தது. கட்டடத்தின் அந்தப் பக்கம், மைதானத்திலிருந்து, பனியைத் துளைத்துக்கொண்டு ஒரு குரல்: "ப்ரெசென்ட் மேம்!"

"ரோல் நம்பர் டூ. அமன்."

"ஆப்ஸென்ட் மேம்!" நாலைந்து பேர் சேர்ந்து.

"த்ரீ. அன்விதா."

"ப்ரெசென்ட் மேம்!"

டீச்சர் அவசரப்படவில்லை. யாழினி ஆங்கில அகரவரிசையில் கடைசிக்கு முந்தியவள், முப்பத்தாறு. நேராக முப்பத்தாறுக்குத் தாவியிருக்கலாம். உதவி ஆய்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். டீச்சர் தாவவில்லை. ஒவ்வொரு பெயராக, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மூச்சு விட்டு, தினசரிக் காலையைச் செங்கல் செங்கலாக அடுக்கிக்கொண்டு வந்தார். பத்து. பதினெட்டு. இருபத்தாறில் ஒருவன் தாமதமாகப் பதில் சொன்னதற்கு, "கவனம் எங்கே இருக்கு?" என்று ஒரு அதட்டல்கூட. அந்த அதட்டலில்தான் எனக்கே நம்பிக்கை வந்தது. இப்படி அதட்டுகிறவர் இருக்கும் உலகம் வெடித்துவிடாது.

"தர்ட்டி ஃபைவ். யாஷ்."

"ப்ரெசென்ட் மேம்!"

"தர்ட்டி சிக்ஸ். யாழினி."

ஒன்றுமில்லை.

வென்டிலேட்டரின் கண்ணாடிச் சட்டங்கள் அசையாமல் இருந்தன. மைதானம் மூச்சை அடக்கியது. உதவி ஆய்வாளர் தன் ஆட்களுக்குச் சைகை காட்டக் கையை உயர்த்தினார். நான் மனதுக்குள் ஒரு முழு வாழ்க்கையைத் திருப்பி எழுதிக்கொண்டிருந்தேன்.

ஃபோனில் டீச்சர், சலிப்போடு, சத்தியமாகச் சலிப்போடு: "யாழினி. லேட் மார்க் போடட்டுமா?"

"நோ மேம்! நோ மேம்! ப்ரெசென்ட் மேம்!"

மேலிருந்து. சின்ன, கீச்சுக் குரல், சுவரில் பட்டுப் பட்டு வந்தது. உதவி ஆய்வாளரின் கை இறங்கியது. நான் அழுதேனா என்று கேட்காதீர்கள். இரண்டு கையும் வேலையாக இருந்ததால் துடைத்துக்கொள்ள முடியவில்லை, அது மட்டும் ஞாபகம்.

"வெரி குட். தாழ் திறந்து வெளியே வா. போலீஸ் ஆன்டி நிக்கறாங்க, அவங்க கையைப் பிடிச்சுக்கோ. ஓடாதே. நடந்து வா."

டீச்சர் அங்கே நிறுத்தவில்லை. நான் இன்றுவரை வியந்து வணங்குவது அதைத்தான்.

"தர்ட்டி செவன். ஸோயா."

"ப்ரெசென்ட் மேம்!"

பிறகு நாய் போனது, கருவிகள் போயின, மாடி மாடியாகத் தேடினார்கள். ஒன்றுமில்லை. பொய் மிரட்டல். உங்கள் அறிக்கைகளில் "வெறும் பொய் மிரட்டல்" என்று எழுதாதீர்கள். மிரட்டல் பொய், அந்தப் பத்து நிமிடம் பொய்யில்லை.

அதற்கடுத்த வாரம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நான் என் இரண்டு சர்க்குலரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தவறு என்னுடையது என்று குறிப்பு எழுதி எடுத்துப் போனேன். துணை இயக்குநர் படித்தார். "கௌன்?" என்று ஓரத்தில் எழுதினார். அதற்குக் கீழே அவரே பதில் எழுதினார்: இரண்டையும் படித்துக் கையெழுத்திட்டவன் நான். அந்தக் கோப்பு மேலே போனபோது என் பெயருக்கு முன்னால் அவர் பெயர் நின்றது. யாரும் அவரை அப்படி எழுதச் சொல்லவில்லை.

அப்புறம்தான் நீங்கள் இப்போது வைத்திருக்கும் திட்டம் பிறந்தது. வகுப்பின் பெயர்ப் பட்டியல் மடித்து டீச்சரின் அடையாள அட்டைக்குப் பின்னால் ஏன் செருகியிருக்கிறது என்று யோசித்திருப்பீர்கள். ஓடுவதற்கு மணியும் ஒளிவதற்குக் குரல் அறிவிப்பும் ஏன் தனித்தனி என்று கேட்டிருப்பீர்கள். மாடிக்கொருவர் கழிவறைகளைப் பார்த்துவிட்டுத்தான் இறங்கவேண்டும், அந்த ஒருவர் பெயர் சுவரில் எழுதியிருக்கவேண்டும். ஒத்திகை சொல்லாமல் நடக்கவேண்டும், அதுவும் ஒரு டீச்சராவது விடுமுறையில் இருக்கும் நாளாகப் பார்த்து. ஒவ்வொரு வரியும் ஒரு முப்பத்தாறாம் எண்ணிலிருந்து வந்தது. அதனால், எதை முதலில் படிப்பது என்று கேட்ட பெண்ணே, திட்டத்தில் எந்த வரி மிகத் தெளிவாக, மிக ஒழுங்காக, கேள்விக்கே இடமில்லாமல் இருக்கிறதோ அதை முதலில் படி. அதைச் செய்யப்போவது யார், அவர் தோள் எவ்வளவு அகலம் என்று பார்.

மறுபடி அன்றைய மதியத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக அப்பா அம்மாவோடு போய்க்கொண்டிருந்தார்கள். தலைமையாசிரியை, இரண்டு நாள் மூடிவிடலாமா என்று கேட்டார். துணை இயக்குநர் மறுத்துத் தலையாட்டினார். "மூடினா, லீவ் விடறவன் அந்த மெயில் எழுதினவன்னு ஆயிடும். நாளைக்குத் திறங்க. நானும் வரேன், வாசல்ல நிக்கறேன்," என்றார். அந்த அறிவிப்பு இன்னும் யாருக்கும் போகவில்லை.

டீச்சர் ஆட்டோவில் வந்து இறங்கினார், புடவையெல்லாம் பழைய வீட்டின் ஒட்டடையோடு. யாழினியின் அப்பா ஏதோ அமைச்சகத்தில் எழுத்தர், வேலூர்க்காரர். மகளைத் தூக்கி இடுப்பில் வைத்திருந்தார், அவளுக்கு அந்த வயது தாண்டிவிட்டிருந்தாலும். அவள் டீச்சரைப் பார்த்ததும் நெளிந்து கீழே இறங்கினாள். முகம் சுண்டியிருந்தது. தமிழும் இந்தியுமாக வந்தது பேச்சு.

"மேம், நீங்க வர்றதுக்கு முன்னாடியே நான் தொறந்துட்டேன். கல்தி ஹோ கயி?"

தப்புச் செய்துவிட்டேனா என்கிறாள். நாற்பது நிமிடம் பீங்கான் விளிம்பில் நின்ற பிள்ளை, அதை நினைத்துத்தான் கலங்கிக்கொண்டிருந்திருக்கிறது. டீச்சர் என்னைப் பார்த்தார். பதில் என்னுடையது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நான் குந்தினேன். காலையில் துணை இயக்குநர் உட்கார்ந்த அதே உயரத்துக்கு.

"நீ ஒரு தப்பும் பண்ணலம்மா. எல்லாம் சரியாத்தான் செஞ்சே. அப்படிச் செய்யணும்னு எழுதினது நான். நான்தான் தப்பா எழுதிட்டேன்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பெரியவர்கள் தப்பாக எழுதுவார்கள் என்பதை எங்கே வைப்பது என்று தெரியாத பார்வை. பிறகு, அதைவிட முக்கியமான ஒன்று ஞாபகம் வந்தவளாக டீச்சர் பக்கம் திரும்பினாள்.

"கல் ஸ்கூல் ஹை, மேம்?"

நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா என்கிறாள். டீச்சர் துணை இயக்குநரைப் பார்த்தார். அவர் காதிலிருந்த பென்சிலைத் தடவிக்கொண்டு மெல்லத் தலையசைத்தார். டீச்சர் குனிந்து, அவள் ஸ்வெட்டரின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டார்.

"ஹை. நாலாம் வாய்ப்பாடு கேப்பேன். படிச்சிட்டு வா."